முட்டைக்கோஸ் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் மழைக்காலத்தில் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு கட்டத்துக்குள், முட்டைக்கோஸில் இருக்கிற புழு மூளைக்கு ஏறிவிடும், சைவக்காரர்களும் ஜாக்கிரதை என்று ஒரு பச்சைப் புழு படத்தோடு இருந்தது. அன்று காலை எட்டு மணிக்கே என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, நான் அப்பவே சொன்னேன்ல, அந்தக் கல்யாண வீட்டுக் கோஸ் பொரியல்தான்னு. பாரு, பேப்பர்லயே போட்டுட்டாங்க" என்றாள். நான் அரசு ஆஸ்பத்திரி லேபில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மைக்ராஸ்கோப்பில் மலம் பார்த்தே தலை நரைத்தவன் என்று என் மனைவி கேலி செய்வாள், அது உண்மைதான். தங்கைக்கு நான் மூன்று வருடமாகச் சொல்லிப் புரியவைத்ததை உங்கள் கட்டம் மூன்று வரியில் கவிழ்த்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் புழு எப்படி வருகிறது என்று எழுதியிருக்கும் பத்தியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கை மகளுக்கு வலிப்பு வந்தது, அப்போது அவளுக்கு 13 வயது. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் நின்றிருந்தவளுக்கு முதலில் வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது, அப்புறம் வாய் கோணி, கீழே விழுந்துவிட்டாள். ஓடி வந்தவர்களில் ஒருவர் கையில் சாவிக் கொத்தைத் திணித்தார், ஒருவர் பல்லுக்கு நடுவில் ஸ்பூனை நுழைக்கப் பார்த்தார், அதில் ஒரு பல் ஓரம் உடைந்ததுதான் மிச்சம். (இரண்டுமே கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே எதையாவது மெத்தென்று வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டே இருந்தால் 108-க்கு அடிக்க வேண்டும்.) ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில் ஒரு சின்ன வளையம், பட்டாணி அளவுகூட இல்லை. ரிப்போர்ட்டில் காசநோய்க் கட்டியாக இருக்கலாம், புழுக் கட்டியாக இருக்கலாம் என்று இரண்டையும் எழுதியிருந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, இது பன்றி நாடாப்புழுவின் கூடு என்றார்.

என் தங்கை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். "எங்க வீட்டுக்குள்ள பன்னிப் புழு எப்படிங்க வரும்?" என்று டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டாள். டாக்டருக்கு வெளியே நாற்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். "காய்கறி கழுவாம சாப்பிட்டிருப்பீங்க, கோஸ் கேரட்டெல்லாம் பச்சையா சாப்பிடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் பாதிதான் சொன்னார். அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு தங்கை வீட்டில் அன்றிலிருந்து முட்டைக்கோஸ் நுழையவில்லை.

சரி, முழுசாகச் சொல்கிறேன். முட்டைக்கோஸை விரித்தால் நெளிகிற அந்தப் பச்சைப் புழு ஒரு பூச்சியின் குழந்தை. வைரமுதுகு அந்துப்பூச்சி என்று விவசாயிகள் சொல்வார்கள், இலையைத் தின்று வளர்ந்து பறந்து போய்விடும். அதைத் தெரியாமல் சமைத்துத் தின்றாலும் அருவருப்பாக இருக்குமே ஒழிய, மூளைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மூளையில் கூடு கட்டுவது டீனியா சோலியம் என்கிற பன்றி நாடாப்புழு. அது முழுசாக வளர்ந்து வாழ்கிற ஒரே இடம் மனிதக் குடல். பன்றியின் குடலில்கூட அது வளராது. வேகாத பன்றிக் கறியில் ஜவ்வரிசி மணி மாதிரி வெள்ளையாக இருக்கும் கூட்டை ஒருவர் விழுங்கினால், அவர் குடலில் அது இரண்டு மூன்று மீட்டர் நீள நாடாவாக வளர்கிறது, சில சமயம் அதற்கு மேலேயும். வால் பக்கத்துத் துண்டுகள் முற்றிக் கழன்று மலத்தோடு வெளியே வரும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் முட்டை. அந்த மலத்தைத் தெருவில் திரிகிற பன்றி தின்றால், முட்டை பொரிந்து பன்றியின் சதையில் கூடு கட்டுகிறது. அதே முட்டை மனிதன் வாய்க்குள் போனால் மனிதனின் சதையில், கண்ணில், மூளையில் கூடு கட்டுகிறது. புழுவுக்கு நாமும் ஒரு பன்றிதான்.

ஆக, பன்றிக் கறி தின்றவருக்கு வருவது குடல் புழு. மூளைப் புழு வர வேண்டுமென்றால் குடலில் புழு உள்ள ஒரு மனிதரின் மலத்திலிருந்து முட்டை வாய்க்குப் போக வேண்டும். அது கழிப்பறை போய்விட்டுக் கையைச் சரியாகக் கழுவாதவர் நறுக்கிய வெங்காயப் பச்சடி வழியாகப் போகலாம், சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த தோட்டத்துக் கொத்தமல்லி வழியாகப் போகலாம், புழு உள்ளவரின் சொந்த நகக்கண் வழியாக அவர் வாய்க்கே போகலாம். முட்டைக்கோஸும் அந்த வழிகளில் ஒன்றாக இருக்கலாம்தான், ஆனால் பச்சையாகத் தின்றால் மட்டும். பொரியல் ஆவதற்குள் முட்டை செத்துவிடும். அந்த முட்டை கண்ணுக்குத் தெரியாது, ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு, மஞ்சள் தண்ணீரில் போட்டு வைத்தால் முட்டை செத்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் இலை இலையாகப் பிரித்துத் தேய்த்துக் கழுவினால் அடித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

இதை எங்கள் ஊர்ப் பக்கம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் வேலூரைச் சுற்றி கிராமத்திலும் டவுனிலுமாக 50,000 பேருக்கு மேல் வீடு வீடாகப் போய் விசாரித்து, வலிப்பு உள்ளவர்களுக்கு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு. யாருக்கோ எங்கேயோ வருகிற அபூர்வ வியாதி என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் இந்தப் புழு பரவியுள்ள பல பகுதிகளில் வலிப்பு நோயில் 30 சதவீதம் இதனால்தான் என்று சொல்கிறது. அதற்காக இதைப் புதிதாகக் கிளம்பிய வியாதி என்றும் நினைக்காதீர்கள். 1888-லேயே மதராசில் வலிப்பில் இறந்த ஒரு கூலித் தொழிலாளியின் உடலில் இதைப் பார்த்ததாக ஆர்ம்ஸ்ட்ராங் என்ற டாக்டர் எழுதியிருக்கிறார்.

சைவம் சாப்பிடுபவருக்கு எப்படி என்ற கேள்விக்கு நான் தங்கையிடம் சொன்ன கதை நியூயார்க்கில் நடந்தது. அங்கே ஆசாரமான யூதர் குடியிருப்பு ஒன்றில், பன்றியை வாசலில்கூட அண்டவிடாதவர்கள், ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத நான்கு பேருக்கு வலிப்பு வந்து, மூளையில் இதே கூடு என்று தெரிந்தது. 1992-ல் மருத்துவப் பத்திரிகையில் வந்த விஷயம். விசாரித்துப் பார்த்தால், இந்தப் புழு அதிகமுள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அந்த வீடுகளுக்கு வேலைக்கு வந்த பெண்களில் ஒருவருக்குக் குடலில் நாடாப்புழு இருந்திருக்கிறது. இதைக் கேட்டதும் தங்கை "அப்போ வேலைக்காரியை நிறுத்திடவா?" என்றாள். அட, அதற்கா சொன்னேன்! குடலில் உள்ள நாடாப்புழு ஒரே ஒரு தடவை கொடுக்கிற மாத்திரைக்குப் போய்விடக் கூடியது. பிராசிகுவாண்டல் அல்லது நிக்ளோசமைடு, டாக்டர் எடை பார்த்து எழுதிக் கொடுப்பார். வேலைக்கு வருகிறவருக்கு மட்டும் என்றில்லை, உங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கும் இருக்கலாம், ஹோட்டல் முதலாளிக்கும் இருக்கலாம். குடலில் புழு உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, அதனால் அவர்களுக்கே தெரியாது.

இங்கேதான் என் தொழில் வருகிறது. இதைச் சொல்லும்போது முகம் சுளிப்பவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். மலப் பரிசோதனை என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சிலைடில் ஒரு பக்கம் சலைன் ஒரு சொட்டு, இன்னொரு பக்கம் அயோடின் ஒரு சொட்டு. குச்சி நுனியில் குண்டூசித் தலை அளவு மலம் எடுத்து இரண்டிலும் கரைக்க வேண்டும், மேலே கவர் சிலிப் என்கிற மெல்லிய கண்ணாடித் துண்டு. எனக்குக் கற்றுக்கொடுத்த சீனியர், சிலைடைத் தூக்கிப் பழைய பேப்பர் மேல் வைக்கச் சொல்வார். அடியில் இருக்கிற எழுத்தைப் படிக்க முடிந்தால் பூச்சு சரியான பதம், முடியாவிட்டால் கெட்டி, கழுவிவிட்டு மறுபடி போடு என்பார். எத்தனையோ நாள் உங்கள் பத்திரிகையின் ராசிபலன் பக்கத்தை அப்படிப் படித்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதன் பிறகு ஒரு மூலையில் தொடங்கி, நெல் வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி மேலும் கீழுமாக சிலைடு முழுக்க ஓட்ட வேண்டும். கொக்கிப்புழு முட்டை கண்ணாடி மாதிரி மெலிசான ஓட்டோடு இருக்கும், உருண்டைப்புழு முட்டைக்கு மேலே சொரசொரப்பு, நாடாப்புழு முட்டை வட்டமாக, பழுப்பாக, கெட்டி ஓட்டில் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி கோடு கோடாக இருக்கும். நன்றாக ஃபோகஸ் செய்தால் உள்ளே ஆறு குட்டிக் கொக்கிகள் தெரியும்.

ஒரு சிக்கல், மாட்டுக் கறியில் வருகிற நாடாப்புழுவின் முட்டையும் அச்சு அசல் இப்படியேதான் இருக்கும். அந்தப் புழு குடலோடு சரி, மனித மூளைக்குப் போகாது. முட்டையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. நோயாளி துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தால் மட்டும் பார்க்கலாம். வெந்த பட்டை நூடுல்ஸைக் கத்தரித்துப் போட்டது மாதிரி ஒரு துண்டு. அதை இரண்டு சிலைடுக்கு நடுவில் வைத்து அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்து நடுத்தண்டிலிருந்து பிரிகிற கிளைகளை எண்ணுவோம். ஒரு பக்கத்துக்கு 13-க்குக் குறைவாக இருந்தால் பன்றிப் புழு, 15-க்கு மேலே போனால் மாட்டுப் புழு. கையுறை இல்லாமல் இதைச் செய்த ஆட்களும் உண்டு, பன்றிப் புழுத் துண்டு என்றால் எவ்வளவு ஆபத்து என்று அப்புறம்தான் உறைத்தது.

இப்போது லேபுகளில் இந்தப் பரிசோதனைக்குச் சீட்டே வருவதில்லை என்று பின்னால் வந்த பிள்ளைகள் சொல்கிறார்கள். வலிப்பு என்றதும் ஸ்கேன் எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும், மூளையில் இருப்பதை ஸ்கேன்தான் காட்டும். ஆனால் அதே சீட்டில், வீட்டில் உள்ள எல்லோருக்கும் மலப் பரிசோதனை என்று ஒரு வரி எழுத என்ன கஷ்டம்? ஸ்கேனுக்குக் கட்டுகிற காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு தடவை பார்த்து இல்லை என்றால் இல்லை என்று ஆகிவிடாது, முட்டை தினமும் வராது, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று தடவை பார்க்க வேண்டும். ஜனங்களுக்கும் இதில் கூச்சம். தீப்பெட்டியில் கொண்டு வந்தவர்கள் உண்டு, ஐஸ்கிரீம் கப்பில் ரிப்பன் கட்டிக் கொண்டு வந்த ஒரு பெரியவரை நான் மறக்கவே மாட்டேன். நேற்று ராத்திரி எடுத்ததை இன்று மத்தியானம் நீட்டுவார்கள், சிறுநீர் கலந்து கொடுப்பார்கள், நாங்களும் சலித்துக்கொண்டு "நில்", அதாவது ஒன்றும் இல்லை, என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். அந்தத் தப்பை ஒத்துக்கொள்கிறேன்.

தங்கை வீட்டில் ஆறு பேருக்கும் நானே பார்த்தேன். யாருக்கும் நாடாப்புழு இல்லை, சின்னவனுக்குக் கீரிப்பூச்சி மட்டும் இருந்தது. அப்படியானால் முட்டை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை. ஏனென்றால் முட்டை உள்ளே போன நாளுக்கும் வலிப்பு வந்த நாளுக்கும் நடுவில் வருடங்கள் ஓடியிருக்கும். இந்தியாவில் பட்டாளத்தில் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ஊருக்குப் போன பிறகு வலிப்பு வந்த சங்கதி இருக்கிறது. பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களான 450 பேரைப் பற்றி 1961-ல் அங்கே ஒரு தொகுப்பு வந்தது. அநேகம் பேருக்குச் சில வருடங்களில், சிலருக்கு இருபது முப்பது வருடம் கழித்து. அதனால் போன மாதம் சாப்பிட்ட கல்யாணப் பந்தியைத் தேடிப் போவதில் பிரயோஜனமே இல்லை. வீட்டாரைச் சோதிப்பது குற்றவாளியைப் பிடிக்க இல்லை, இன்னும் யாராவது முட்டை விட்டுக்கொண்டிருந்தால் அடுத்த பிள்ளைக்கு வராமல் தடுக்க.

இன்னொரு விஷயம், இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி "பூச்சி மாத்திரை" வாங்கித் தின்ன வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கூடு மூளைக்குள் உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் சத்தமே போடாது, உடம்பின் காவலுக்குத் தெரியாமல் பதுங்கியிருக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு விழித்துக்கொண்டு சுற்றிலும் வீக்கத்தை உண்டாக்குகிறது, வலிப்பும் தலைவலியும் அப்போதுதான் வருகின்றன. அல்பெண்டசோல் கொடுத்தால் புழு சாகும், சாகிற வேகத்தில் வீக்கமும் வரும், அதனால்தான் டாக்டர்கள் ஸ்டீராய்டைச் சேர்த்து, எடை பார்த்து, 10 முதல் 14 நாள் வரை கொடுக்கிறார்கள். மாத்திரைக்கு முன்னால் கண்ணைச் சோதிக்கச் சொல்வார்கள், கண்ணுக்குள் ஒரு கூடு இருந்து அது செத்து வீங்கினால் பார்வை போய்விடும். மூளை முழுக்க நட்சத்திரம் தெளித்த மாதிரி நூற்றுக்கணக்கில் கூடு இருந்து மூளையே வீங்கியிருப்பவருக்குப் புழு மாத்திரை கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற ஒற்றைக் குடற்புழு மாத்திரையும் இதே அல்பெண்டசோல்தான், ஆனால் அது கொக்கிப்புழு, உருண்டைப்புழுவுக்காகக் கொடுப்பது. அது நல்ல திட்டம், பிள்ளைகளுக்குத் தவறாமல் கொடுங்கள், ஆனால் அதைத் தின்றுவிட்டால் மூளைப் புழு வராது என்று கணக்குப் போடாதீர்கள்.

தங்கை மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, இருந்தது ஒரே ஒரு கூடு. நம் நாட்டில் அதிகம் பார்ப்பதும் இந்த ஒற்றைக் கூடுதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஸ்கேனில் இப்படி ஒரு சின்ன வளையம் தெரிந்தால் காசநோய்க் கட்டி என்று முடிவு கட்டி வருடக்கணக்கில் டிபி மாத்திரை கொடுப்பார்கள். அதை மாற்றியதில் வேலூர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு. மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களுடன் இருந்தவர்களும் அந்த வளையங்களிலிருந்து திசு எடுத்துப் பார்த்து, பெரும்பாலானவற்றில் இருந்தது செத்துக்கொண்டிருக்கும் நாடாப்புழுக் கூடு என்று 1989-லும் அதற்குப் பிறகும் எழுதினார்கள். பல பேருக்கு அது சில மாதங்களில் தானாகவே கரைந்தும் போகிறது. மருமகளுக்கும் கரைந்தது. எட்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அந்த இடமே தெரியவில்லை, வலிப்பு மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். எல்லோருக்கும் இப்படி ஆகாது, சிலருக்குச் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி ஒன்று தங்கிவிடும், அவர்கள் மாத்திரையை நீண்ட நாள் தொடர வேண்டியிருக்கும். வலிப்புதான் வரவில்லையே என்று தானாக நிறுத்தியவர்கள் பைக்கிலிருந்து விழுந்து வந்ததை ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் தங்கைக்கு ஸ்கேனை விடப் பெரிய பயம் வேறு. பொம்பளப் பிள்ளை, வலிப்பு என்று தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் "மயக்கம்" என்று சொல்லச் சொன்னாள். வலிப்பு இருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்று இந்து திருமணச் சட்டத்தில் முன்பு இருந்ததை 1999-லேயே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். சட்டம் எடுத்துவிட்டது, மாமியார்கள் எடுக்கவில்லையே என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பன்றி வளர்ப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் குறிப்பைப் படித்த ஒருவர் வாட்ஸப்பில் அந்த ஜனங்களைத் திட்டி எழுதியிருந்தார். பன்றிக்கு இந்தப் புழுவைக் கொடுத்தது மனிதன், அதுவும் வெட்டவெளியில் போய் உட்காருகிற மனிதன். கட்டிப்போட்டு நல்ல தீனி போட்டு வளர்க்கிற பன்றிக்கு இது வராது, நன்றாக வெந்த கறியில் ஆபத்து இல்லை. தெருவில் பன்றி மேய்வதற்குக் கோபப்படுகிறவர்கள், அது எதைத் தின்று மேய்கிறது, அது யார் வீட்டுச் சாக்கடையிலிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். கக்கூஸ் கட்டிக் கொடுத்துவிட்டோம் என்று கணக்கு சொல்கிறார்கள், எங்கள் தெருக்கோடியில் கட்டியதில் தண்ணீர் வராமல் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இதை ஒழிக்கவே முடியாதா என்றால் முடியும். பெரு நாட்டில் வடக்கே தும்பெஸ் என்ற பகுதியில் செய்து காட்டியிருக்கிறார்கள். மனிதர்களுக்குக் குடற்புழு மாத்திரை, பன்றிகளுக்கும் புழு மருந்து, அதோடு தடுப்பூசி. 107 கிராமங்களில் 105-ல் பரவலை நிறுத்திவிட்டார்கள், 2016-ல் அந்த முடிவு வெளியானது. பன்றிக்கான தடுப்பூசியைச் சந்தைக்காகத் தயாரிப்பது யார் தெரியுமா? நம் ஹைதராபாத்தில் இருக்கிற இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ், சிஸ்வாக்ஸ் என்று பெயர். கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் நம் ஒன்றியம் ஒன்றிலாவது இதை முயன்று பார்க்கலாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் முகாம் போடுகிறவர்கள் பன்றி என்றதும் முகம் திருப்பிக்கொள்வதுதான் தடை என்பது என் எண்ணம், தப்பாக இருந்தால் சந்தோஷம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு அதே இணைப்பில், அதே அளவு கட்டத்தில், முன்பு சொன்னது தவறு, மூளைப் புழு மனித மலத்திலிருந்து வருகிறது, கழிப்பறை போய்விட்டு வந்தும் சமையலுக்கு முன்பும் சோப்புப் போட்டு நகக்கண் வரை கையைக் கழுவுங்கள், வீட்டில் ஒருவருக்கு இது வந்தால் எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று போடுங்கள். மலம் என்ற வார்த்தையைக் காலைப் பேப்பரில் எப்படிப் போடுவது என்று உங்கள் உதவி ஆசிரியர் தயங்கினால், வேறு வார்த்தை தேடாமல் அதையே போடச் சொல்லுங்கள். சுற்றி வளைத்து எழுதிய சுகாதாரக் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை.

போன வாரம் மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள், இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். அத்தை கையால் கோஸ் பொரியல் கேட்டாள், தேங்காய் தூவி. என் மனைவி செய்து போட்டாள், இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். உங்கள் திருத்தம் வந்ததும் அதைக் கத்தரித்துத் தங்கைக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். தயவுசெய்து பக்கத்தில் அந்தப் பச்சைப் புழு படத்தை மறுபடி போட்டுவிடாதீர்கள், அவள் படத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
குடியாத்தம்